ஆறு மணிக்கு மேல் தின்னாத புழு

முத்தரசி நகரில் கம்பளிப்பூச்சி என்றால் என்னவென்று கேட்கும் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். மழைக்காலத்தில் முருங்கை மரத்தடியில் நின்றவன் கழுத்தில் ஒன்று விழ, ஒரு வாரம் அவன் சொறிந்துகொண்டு திரிந்ததெல்லாம் அவர்களுக்கு வெறும் கதை. குடியிருப்புகளில் பூச்சிமருந்தைச் சட்டம் தடைசெய்து ஒன்பது வருடம் ஆகிறது. அதைத் தேடுவாரும் இல்லை. ஒவ்வொரு மரத்தின் தண்டிலும் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கொறிப்பான் ஒட்டியிருந்தது.

பெட்டியின் மேல் 'இலைக்காப்பு அதிர்வி' என்றுதான் அச்சடித்திருப்பார்கள். யார் அப்படிக் கூப்பிடுகிறார்கள்? சங்கதி எளிது. மரத்துக்குக் காது இல்லையே தவிர, தன் இலை கடிபடும் அதிர்வு அதற்குத் தெரியும். தெரிந்த மாத்திரத்தில் எல்லா இலைகளிலும் துவர்ப்பை ஏற்றிவிடும். வேர் வழியாகப் பக்கத்து மரத்துக்கும் தாக்கல் சொல்லிவிடும். கொறிப்பான் செய்ததெல்லாம், அந்தக் கடி அதிர்வைப் பதிவுசெய்து நாள் முழுக்க மரத்துக்குப் போட்டுக் காட்டியதுதான். மரம் பயந்தபடியே கிடக்கும். வருகிற புழு ஒரு வாய் வைத்துவிட்டு ஓடும். பயமுறுத்தியே வளர்ப்பது நமக்கென்ன புதிதா?

நகரில் ஓடிய பதிவு நாச்சியாருடையது. குடியிருப்போர் சங்கச் செயலாளர். ஒரு வேலையைக் கையில் எடுத்தால் அடுத்தவரை மூச்சுவிட விடமாட்டாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் தன் வீட்டுக் கொல்லை முருங்கையில் பதிவுக்கருவியை ஒரு மாதம் கட்டிவைத்தாள். அதிகம் கேட்கும் கடி எதுவோ அதைக் கருவி தானாகவே பொறுக்கிக்கொள்ளும். அவள் பதிவு மாதிரி எதுவும் புழுவை விரட்டவில்லை. கம்பெனிக்காரர்கள் பொன்னாடை போர்த்தி, அதையே மாநிலம் முழுக்க நான்கு லட்சம் மரங்களில் போட்டார்கள். நகர் நுழைவாயில் வளைவில் நாச்சியார் பெருமையோடு எழுதிவைத்தாள்: 'இலை தின்னும் எந்த உயிருக்கும் இங்கே இடமில்லை.'

புழு போனதும் குருவி போனது. குஞ்சுக்கு ஊட்டப் புழு இல்லாமல் எந்தக் குருவி கூடு கட்டும்? பிறகு, தழை ஒடிக்க வரும் ஆட்டுக்காரர் வருவதை நிறுத்தினார். ஆடுகள் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன என்றார். "ஆட்டுக்கும் கொழுப்பு ஏறிப்போச்சு" என்று சிரித்தாள் நாச்சியார்.

அந்த ஐப்பசியில் தங்கை அபரஞ்சி பிரசவத்துக்கு வந்தாள். அம்மா போன பிறகு நாச்சியார்தான் அவளைத் தலைவாரிப் பின்னிப் பள்ளிக்கு அனுப்பியவள்; அவளுக்கு ஒன்றென்றால் இவளுக்கு உயிர் போகும். ஏழாம் மாதம். ரத்தம் பத்துதான் இருக்கிறது, கீரை நிறையக் கொடுங்கள் என்றார் டாக்டர். சொல்ல வேண்டுமா? தினமும் விடியற்காலையில் எழுந்து முருங்கைக்கீரை உருவினாள். பொரியல், கூட்டு, சூப்.

"அக்கா, நாக்கெல்லாம் இழுக்குது. வாயில சாக்பீஸ் போட்ட மாதிரி இருக்கு" என்றாள் அபரஞ்சி.

"பிள்ளைத்தாச்சி வாய்க்கு எல்லாம் அப்படித்தான்டி இருக்கும். கண்ணை மூடிட்டு முழுங்கு."

தேங்காயை அதிகம் போட்டாள். வெல்லம் தட்டிப்போட்டாள். டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையையும் மறக்காமல் கீரைச் சோற்றோடு விழுங்க வைத்தாள். அடுத்த மாதம் ரத்தம் எட்டு. நாச்சியார் கீரையை இரண்டு வேளை ஆக்கினாள். அடுத்த பரிசோதனையில் ஆறரை. அபரஞ்சி குளியலறையில் சுவரைப் பிடித்தபடியே சரிந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எழிற்செல்வி தாளை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன சாப்பாடு கொடுக்கறீங்க?"

"முருங்கைக்கீரைதான் டாக்டர். ஒரு நாள் விட்டதில்லை. எங்க மரத்துக் கீரை, மருந்தே அடிக்காதது."

டாக்டர் நிமிர்ந்தார். "அதையேதான் எல்லாரும் சொல்றாங்க. இந்த மாசம் மட்டும் பதினாலு பேரு இதே மாதிரி வந்திருக்காங்க. உங்க கீரையைக் கொஞ்சம் யார்கிட்டயாவது பரிசோதிக்கச் சொல்லுங்க."

நகரின் கொறிப்பான்களைப் பழுதுபார்ப்பவன் மரியசெல்வம். நாச்சியார் அவன் பட்டறைக்குக் கீரைக் கொத்தோடு ஓடினாள். அவன் ஒரு இலையைக் கசக்கிச் சாற்றைச் சோதனைத் தாளில் விட்டான். தாள் கறுத்தது.

"அக்கா, இது புழுவுக்கான துவர்ப்பு இல்ல. புழுவுக்கு இதுல பத்துல ஒண்ணு போதும். இது ஏதோ பெரிய உருப்படியைத் துரத்தற அளவு. இந்தத் துவர்ப்பு வயித்துக்குள்ள போனா இரும்புச்சத்தைக் கவ்விப் பிடிச்சுக்கும். உடம்புல சேரவே விடாது."

நாச்சியார் கறுத்த தாளைக் கையில் எடுத்தாள். "மாத்திரை போட்டாளே செல்வம்."

"கீரையோடதானே போட்டாங்க?"

அவள் மரத்தில் எடுத்த பழைய மூலப் பதிவை அவன் திரையில் திறந்தான். ஒரு மாதத்துக் கடிகள் வரிசையாக, நாளும் நேரமுமாக. பார்க்கப் பார்க்க அவன் நெற்றி சுருங்கியது.

"இங்க பாருங்கக்கா. கம்பளிப்பூச்சி ராத்திரியிலதான் திங்கும். பகல்ல தண்டுல அப்பிக்கிட்டுத் தூங்கும். இது விடியக்காலம் ஆறு மணிக்குத் திங்குது. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு மேல ஒரு கடி கூட இல்ல. ஒரு நாள் மட்டும் சுத்தமா ஒண்ணுமே இல்ல."

"என்னிக்கு?"

அவன் தேதியைச் சொன்னான். பழைய நாள்காட்டியைத் தேடிப் புரட்ட வேண்டிய அவசியமே அவளுக்கு வரவில்லை. அது ஆடி அமாவாசை.

அமாவாசையன்று அவள் வீட்டில் முருங்கைக்கீரை சமைப்பதில்லை. விளக்கு வைத்த பிறகு மரத்தில் கை வைப்பதும் இல்லை. மரம் தூங்கும் என்று அம்மா சொன்னதை இன்றுவரை மீறியதில்லை.

"ஒலியா மாத்திப் போடு" என்றாள்.

சர்ர்ர் என்று ஈர்க்கிலிருந்து இலைகளை ஒரே இழுப்பில் உருவும் சத்தம். ஒரு இடைவெளி. மறுபடி சர்ர்ர். ஒவ்வொரு இழுப்பின் முடிவிலும் மெல்லிசாகக் கண்ணாடி வளையல்கள் மோதின.

மரியசெல்வம் அவள் கையைப் பார்த்தான். அவளும் பார்த்தாள்.

"ஐயோ" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நான்தானா? இவ்வளவு நாளும் என்னைக் காட்டியா பயமுறுத்தினோம்?"

நான்கு லட்சம் மரங்கள். வேரோடு வேர் பேசியதில் எத்தனை லட்சமோ. கறிவேப்பிலை, அகத்தி, வாழை என்று ஒன்று பாக்கியில்லாமல் அவள் கையைத் தெரிந்துவைத்திருந்தன.

அன்று மதியமே அபரஞ்சிக்கு ரத்தம் ஏற்றி, வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்தார்கள். பெண். ஒரு கிலோ நானூறு கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். பிழைக்குமா என்று கேட்டதற்கு, ஒரு வாரம் போகட்டும் என்றார் டாக்டர். தாய்ப்பால் கிடைத்தால்தான் எதையும் சொல்ல முடியும் என்றார்.

மறுநாள் அபரஞ்சி கண் திறந்தாள். உதடு வெளுத்துப் போயிருந்தது. "பால் ஊறலைக்கா. முருங்கைக்கீரை சாப்பிட்டா ஊறும்னு பக்கத்துக் கட்டில்ல சொல்றாங்க. நம்ம மரத்துலதான் இருக்குமே. கொண்டாரியா?"

நாச்சியார் தங்கையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மரியசெல்வத்தை வரச்சொல்லி, கொல்லை முருங்கையின் கொறிப்பானைப் பிடுங்கி எறிந்தாள். நகர் முழுக்கப் பிடுங்கச் சொன்னாள். கம்பெனிக்கும் எழுதினாள். பதில் வரவில்லை.

மூன்றாம் நாள் விடியற்காலையில் இருவரும் மரத்தடியில் நின்றார்கள். தெருவின் மற்ற மரங்களில் முந்தின நாளே மாட்டியிருந்தது போன்ற ஒரு மரநாடிமானியை அவன் இந்தத் தண்டிலும் பொருத்தினான். மரத்தின் பயம் ஏறினால் அதன் முள்ளும் ஏறும்; எல்லை தாண்டினால் கூவும். முள் அடியிலேயே கிடந்தது.

"அடங்கிடுச்சா செல்வம்? மறந்துடுச்சா?"

அவன் தண்டைக் காட்டினான். ஆளுயரத்தில் பழுப்பாக ஏதோ அப்பிக்கொண்டு அசைந்தது. கம்பளிப்பூச்சிகள். இரண்டு வருடத்துக்குப் பின் வந்திருந்த, துவர்ப்புக்குப் பழகிப்போன தலைமுறை. கடைசியாக மேலே தங்கிவிட்ட சில, இன்னும் ஆற அமர இலைகளைத் தின்றுகொண்டிருந்தன. முள் அசையவில்லை. இரண்டு வருடமாக வேறொரு கடியைக் கேட்டுக் கேட்டுப் பழகிய மரம், புழுவை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

நாச்சியார் வளையல்களைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். மூச்சைப் பிடித்தபடி, தாழ்ந்திருந்த கிளையிலிருந்து ஒரே ஒரு ஈர்க்கைப் பிடித்து, முடிந்தவரை மெதுவாக உருவினாள்.

முள் கடைசிக் கோட்டில் போய் முட்டி அங்கேயே நின்றது. தெருவில் வேறு மரங்களில் மாட்டியிருந்த மானிகளும் ஒவ்வொன்றாகக் கூவத் தொடங்கின. முதலில் பக்கத்து வீட்டில், பிறகு எதிர் வீட்டில், பிறகு வளைவுக்கு அப்பால்.

அவள் கையில் இருந்த இலைகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் முடியவில்லை, கீழே போடவும் மனம் வரவில்லை.