மடி பார்க்கிறவள்

இன்றைக்காவது அவள் என் முகத்தை நிமிர்ந்து பார்ப்பாளா? இத்தனை நாளாக என் இடுப்பைத் தடவிப் பார்க்கிறவள், என் மூக்கு எப்படி இருக்கும் என்று கேட்டால் சொல்லுவாளா? சொல்ல மாட்டாள். அவளுக்கு நான் ஒரு சேலை. பருப்பு ஒளித்து வைக்கத் தோதான ஒரு மடி. அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் கிடையாது.

பின்வாசலில் குனிந்து நுழையும்போது சௌந்திரத்தின் மனம் இப்படித்தான் கசந்துகொண்டிருந்தது. எந்த நாளும்போல அன்றும் வேலைக்கு வந்திருந்தாள். வெயில் இன்னும் ஏறவில்லை. கையில் மத்தியானச் சாப்பாட்டுக்கான களிப்போசி. தொண்டையில் நேற்றைய தூசியின் இருமல்.

ராசிபுரம் கடைவீதியில் இருந்த அந்தப் பழைய வீடு ஒரு காலத்தில் நெய் வியாபாரி ஒருவருடையது. இப்போது மங்களகௌரி ஸ்டோர்ஸின் கிளை. தலைமைக் கடை சேலத்தில். நாமக்கல், திருச்செங்கோடு, ஆத்தூர் என்று ஊருக்கு ஊர் கிளைகள். எங்கே போனாலும் அதே பச்சைப் பலகை, அதே காகிதப் பொட்டலம், அதே சணல் முடிச்சு. முன்கட்டில் கடை. அங்கே ஆண்கள் வெள்ளைச் சட்டை போட்டு நின்று விற்றார்கள். பின்கட்டு முற்றத்தில் பெண்கள் துவரம்பருப்பைப் புடைத்து, கல் பொறுக்கிப் பொட்டலம் கட்டினார்கள். முதலாளியை அவர்களில் யாரும் பார்த்ததில்லை. உத்தரவுகள் மட்டும் சேலத்திலிருந்து வந்தன. பேசிக்கொண்டே வேலை செய்யக் கூடாது என்று ஒன்று வந்தது. சுவரைப் பார்த்து உட்கார வேண்டும் என்று இன்னொன்று. ஏன் என்று கேட்டால் மானேஜர் மருதாசலம் வானத்தைப் பார்ப்பார், சேலம் அங்கேதான் இருப்பதுபோல.

சௌந்திரம் தறிக்காரன் பெண்டாட்டி. சீமையில் சண்டை தொடங்கியதிலிருந்து நூல் வரத்து நின்றுபோயிற்று. அவள் புருஷன் கந்தப்பன் நூலுக்காகச் சேலம் போவதும் வெறுங்கையோடு பஸ்ஸை விட்டு இறங்குவதுமாக இருந்தான். தறிக்குழியில் பூனை குட்டி போட்டிருந்தது. அவள் கூலியில்தான் அடுப்பு எரிந்தது. நாளெல்லாம் பருப்பில் கை அளைந்துவிட்டு, ராத்திரி வெறும் களியைப் பச்சைமிளகாயோடு விழுங்குவாள்.

"நம்ம கை பட்ட பருப்பு ஆத்தூர் வரைக்கும் போகுது. நம்ம ஊட்டு அடுப்புக்குத்தான் அதுக்கு வழி தெரியல" என்பாள் பக்கத்தில் உட்காரும் அங்கம்மாள். சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் எரிச்சல் இன்னும் கூடித்தான் போகும்.

எல்லாவற்றையும்விட அவர்கள் வெறுத்தது சாயங்காலத்தை. முற்றத்திலிருந்து பின்வாசலுக்குப் போக ஓர் இடைகழி உண்டு. ஓர் ஆள் மட்டும் நடக்கக்கூடிய அகலம். ஜன்னல் கிடையாது. நெய்க்குடங்கள் அடுக்கியிருந்த இடமாம். இப்போதும் சுவரில் கை வைத்தால் பிசுக்கு ஒட்டும். அதன் நடுவில் ஒரு பலகை. அதில் காலையிலிருந்தே குஞ்சம்மாள் உட்கார்ந்திருப்பாள். மடி பார்க்கிறவள். அவளும் முன்பு பருப்புப் புடைத்தவள்தான்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஒவ்வொருத்தியாக உள்ளே போக வேண்டும். முன்னே போனவள் பின்வாசலைத் தாண்டிய பிறகுதான் அடுத்தவள். பலகைக்கு எதிரே நின்று மடியை உதற வேண்டும். கைகளைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். குஞ்சம்மாள் இடுப்பில் இரண்டு தட்டுத் தட்டி, "போ" என்பாள். அந்தச் சொல் வராமல் ஒரு காலும் நகரக் கூடாது. மாதவிலக்கு நாட்களில்கூட விலக்கு இல்லை.

அன்று காலையில் குஞ்சம்மாளுக்குக் காய்ச்சல். கண்கள் சிவந்து, சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மருதாசலத்தின் முன்னால் நின்று வீட்டுக்குப் போகக் கேட்டாள். அவர் கெட்ட மனிதர் அல்ல, பயந்த மனிதர். பலகையைக் காலியாக விட்டால் தன்னை ஆத்தூருக்குத் தூக்கியடிப்பார்கள் என்று அவருக்கு நடுக்கம். மாற்று ஆளுக்குச் சேலத்தில் கேட்டிருக்கிறது, பதில் வரட்டும் என்றார். குஞ்சம்மாள் திரும்பிப் போய்ப் பலகையில் உட்கார்ந்தாள். ஐயோ பாவம் என்று யாரும் சொல்லவில்லை. படட்டும் என்றுகூட ஒருத்தி முணுமுணுத்தாள். சௌந்திரத்துக்கும் அப்படித்தான் இருந்தது.

சாயங்காலம் அவள் முறை வந்தது. இடைகழிக்குள் காலை வைத்ததுமே சிக்குப் பிடித்த பழைய நெய் வாடை மூக்கில் அடித்தது. மற்ற நாட்களில் லேசாக இருக்கும் வாடை அன்று குமட்டியது. குஞ்சம்மாள் சுவரில் சாய்ந்திருந்தாள். தலை தொங்கியிருந்தது. சௌந்திரம் மடியை உதறினாள். கைகளைத் தூக்கிச் சுற்றினாள்.

இடுப்பில் இரண்டு தட்டு.

சேலைக்கு மேலேயே குளிர்ந்தது. காய்ச்சல்காரியின் கை இப்படியா இருக்கும் என்று நினைத்தாள்.

"போ."

கிணற்றுக்குள்ளிருந்து வந்ததுபோல இருந்தது குரல்.

மறுநாள் காலையில் பின்வாசல் வெகுநேரம் பூட்டிக் கிடந்தது. முந்தின ராத்திரி கதவைச் சாத்த வந்த காவல்காரன் குஞ்சம்மாளைத் தொட்டு எழுப்பினானாம். அவள் கட்டைபோல் பக்கவாட்டில் சரிந்தாளாம். ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் உடம்பைப் பார்த்துவிட்டு, உயிர் போனது மத்தியானமே என்று சொல்லிவிட்டார். இமையோரத்தில் எறும்பு புற்றுக் கட்டினாற்போல் மொய்த்திருந்ததாம்.

கதவைத் திறந்து உள்ளே விட்ட பிறகு, முற்றத்தில் பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள்.

மத்தியானமே செத்துப்போனவள் முன்னால், சாயங்காலம் அத்தனை பேரும் வரிசையாக நின்று மடியை உதறியிருக்கிறார்கள். ஒருத்திகூடக் குனிந்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"என்னையத் தட்டுனா அக்கா" என்றாள் அங்கம்மாள் மெதுவாக. "போன்னு சொன்னா. நெசமாலும் சொன்னா."

எல்லோரையும் தட்டியிருந்தாள். எல்லோரிடமும் சொல்லியிருந்தாள்.

மருதாசலம் வந்து, இதை வெளியே மூச்சு விட்டால் வேலை இருக்காது என்று சொல்லிவிட்டுப் போனார். கடையின் பெயர் கெடக் கூடாது. அன்றைக்கு வந்த உத்தரவு அதுதான்.

பலகை காலியாகக் கிடந்தது. ஆனாலும் சாயங்காலம் பின்வாசலுக்கு வேறு வழி கிடையாது. முன்கடை வழியாகப் பெண்கள் போகக் கூடாது. முதலில் போனவள் பாதி வழியில் நின்றாள். முற்றத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அவள் முதுகு மட்டும் தெரிந்தது. மடியை உதறினாள். கைகளைத் தூக்கினாள். சுற்றினாள்.

யாரும் அவளை உதறச் சொல்லவில்லை.

சௌந்திரமும் அப்படித்தான் செய்தாள். பழக்கம் என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டாள். பழக்கத்துக்கு விரல்கள் உண்டா? அந்த விரல்கள் அவள் முந்தி முடிச்சை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, திரும்பவும் முடிந்துவிட்டன. பிறகுதான் அந்தச் சொல் வந்தது.

அங்கம்மாள் வீம்புக்காரி. செத்தும் இவள் நம்மைத் திருடி என்கிறாளே என்று பொருமினாள். ஒருநாள் உதறாமல், நிற்காமல், ஓட்டமாக ஓடினாள். பலகையைத் தாண்டவில்லை. கத்தக்கூட இல்லை. அப்படியே பின்னுக்கு இழுபட்டு, நெடுநேரம் சுவரோடு நின்றாள். பிறகு குழந்தைபோல மடியை உதறினாள். வெளியே வந்ததும் சௌந்திரத்திடம் இடுப்பைக் காட்டினாள். ஐந்து விரல்களும் கன்றிப் பதிந்திருந்தன.

மறுநாளிலிருந்து பெண்கள் வேலைக்கு வரத் தயங்கினார்கள். பொட்டலங்கள் குறைந்தன. மருதாசலத்துக்குத் தூக்கம் போயிற்று. உயிருள்ள ஒருத்தி பலகையில் உட்கார்ந்தால் மற்றவர்களுக்குப் பயம் தெளிந்துவிடும் என்று அவருக்குத் தோன்றியது. அவர் பார்வை சௌந்திரத்தின் மேல் விழுந்தது. அவள் வாயாடி அல்ல, இருமுகிறவள், புருஷனுக்கு வேலை இல்லாதவள்.

மத்தியான வெயிலில் முற்றத்து மூலையில் வைத்து அவர் பேசினார். இனி தூசியில் உட்கார வேண்டாம், மூச்சுக்கு நல்லது என்றார். வாரத்துக்கு ஒரு படி பருப்பு, அதுவும் சேலத்து அனுமதியோடு என்றார். வேண்டாம் என்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்பதையும் மென்மையாகவே சொன்னார்.

ஒரு படி பருப்பு. சௌந்திரத்தின் நாக்கில் எச்சில் ஊறியது. அதை உணர்ந்ததும் அவளுக்கு அவமானமாக இருந்தது. கந்தப்பன் கேட்டால் என்ன சொல்வான்? சாப்பிடுவான். அவன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவதை இப்போதே அவளால் பார்க்க முடிந்தது.

"செத்த நேரம் உக்காந்துதான் பாரம்மிணி. அங்க ஒன்னுமில்ல" என்றார் அவர்.

அவள் உள்ளே போனாள். வெளியே உச்சிவெயில் கொளுத்தியது. நாலு அடி தள்ளி மாலை இருட்டு. பலகையில் உட்கார்ந்தாள். வழவழவென்று இருந்தது. சுவரில் ஒரு தலை சாய்ந்து சாய்ந்து எண்ணெய்க்கறை ஏறிய இடம் சரியாக அவள் தலைக்கு எட்டியது. அங்கிருந்து பார்த்தால் நிற்கிறவளின் இடுப்பு மட்டும்தான் கண்ணுக்கு நேரே வரும். முகம் இருட்டில் போய்விடும். ஓ, இதனால்தானா என்று நினைத்தாள். அவளுக்கு முகங்களைப் பார்க்க விருப்பமில்லை என்றல்லவா நினைத்திருந்தேன்.

நெய் வாடை எழுந்தது.

எதிரே யாரோ நிற்பதுபோல் காற்று கனத்தது. மடியை உதறும் சத்தம். பிறகு இன்னொரு மடி. பிறகு இன்னொன்று.

சௌந்திரத்தின் வலது கை தானாக உயர்ந்தது.

அவள் உயர்த்தவில்லை.

வெற்றுக் காற்றில் கை இரண்டு தடவை தட்டியது. உள்ளங்கையில் ஓர் இடுப்பின் சூடு பட்டது. தொண்டைக்குள் அந்தச் சொல் உருண்டு மேலே வந்து பல்லுக்குப் பின்னால் நின்றது.

பலகையில், அவள் தோளை ஒட்டி, இன்னொருத்தி உட்கார்ந்திருந்தாள்.

"சொல்லு சாமி" என்றது காதோரம் அந்தக் குரல். அதில் அதட்டல் இல்லை. களைப்புத்தான் இருந்தது. "நீ சொன்னீன்னா நான் எந்திரிச்சுப் போயிருவேன். ஒடம்பெல்லாம் கொதிக்குது. ஊட்டுக்குப் போவோணும்."

சௌந்திரம் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வாயில் ரத்தம் கரித்தது. சொன்னால் இவள் எழுந்து போவாள், நான் இருப்பேன். பாவம்தான். வெறுத்த பாவத்துக்கு அழக்கூட வேண்டும்போல இருந்தது. ஆனால் எவளோ ஒருத்தி இந்தப் பலகையில் இருந்தே தீர வேண்டும் என்று யார் சொன்னது? சேலமா? அவள் சேலத்தைப் பார்த்ததே இல்லை.

இடது கையால் வலது கையைப் பிடித்து இறக்கினாள். எழுந்தாள். சுவரைத் தடவிக்கொண்டு முற்றத்து வெளிச்சத்துக்கு வந்து சேர்ந்தாள்.

"என்னால ஆகாதுங்க" என்றாள்.

மருதாசலத்துக்கு முகம் கறுத்தது. பெண்கள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் தோற்க அவருக்கு மனமில்லை. பொம்பளைகளின் கிறுக்கு என்று வைதார். தானே நடந்து காட்டுவதாகச் சொல்லிவிட்டு விறுவிறுவென்று இடைகழிக்குள் போனார். அவர் எப்போதும் முன்கடை வழியாகவே வந்து போகிறவர். அந்த வழியில் ஒருமுறையும் காலை வைத்ததில்லை.

பலகைக்கு எதிரே அவர் காலடிச் சத்தம் நின்றது.

முதலில் தோள் துண்டு விழுந்தது. அதை எடுத்து உதறினார். சட்டைப் பையை வெளியே இழுத்து உதறினார். வேட்டி மடிப்பைப் பிரித்து உதறினார். பிறகு இரண்டு கைகளையும் மெல்லத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார்.

தட்டுச் சத்தம் முற்றம் வரைக்கும் கேட்டது.

எல்லோரும் அடுத்த சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள்.

அது வரவில்லை.

அவர் மறுபடி துண்டை உதறினார். மறுபடி சுற்றினார். மறுபடி தட்டு. மறுபடி ஒன்றுமில்லை. இப்படியே எத்தனை தடவை என்று யாரும் எண்ணவில்லை. அங்கம்மாள்தான் முதலில் எழுந்து சேலையில் ஒட்டிய தவிட்டைத் தட்டிவிட்டு, முன்கடைப் பக்கம் நடந்தாள். ஒருத்தி பின் ஒருத்தியாக மற்றவர்களும் தராசுகளுக்கும் வெள்ளைச் சட்டைகளுக்கும் நடுவே புகுந்து வீதிக்குப் போனார்கள். யாரும் தடுக்கவில்லை.

சௌந்திரம் போசியை எடுத்துக்கொண்டாள்.

"சௌந்திரம்." உள்ளேயிருந்து வந்த குரலை மருதாசலத்தினுடையது என்று அடையாளம் காணச் சிறிது நேரம் பிடித்தது. "உட மாட்டேங்குதம்மிணி. உன்னையத்தான் சொல்லச் சொல்லுது. ஒரே ஒரு சொல்லு. சொல்லீரும்மா."

அவள் இடைகழியின் வாயில் வரைக்கும் போனாள். தூக்கிய கைகளோடு அவர் நின்றுகொண்டிருந்தார். கண்ணில் நீர் வழிந்தது. இடுப்பில், வெள்ளைச் சட்டையின் மேல், ஐந்து விரல் அகலத்துக்குத் துணி குழிந்து, அழுந்தி, நெய்க்கறையாக ஊறிக்கொண்டே போயிற்று.

"மாட்டனுங்க" என்றாள் சௌந்திரம், இருட்டில் இருந்த இருவருக்கும் மட்டும் கேட்கும்படி.