குலுங்காத சாலை

நான்காம் வளைவில் அன்று ஒரு வண்டியும் குலுங்கவில்லை.

விஜயராணி திரையை நெருங்கிப் பார்த்தாள். எட்டு மாதமாக அந்த இடத்தைக் கடந்த டிப்பர் ஒவ்வொன்றும் அங்கே துள்ளியிருக்கிறது. அச்சுக்கு அடியில் பொருத்திய பெட்டி அந்தத் துள்ளலை அளந்து, தாராபுரம் சாலைக்கு அப்பாலுள்ள குவாரியிலிருந்து வேலம்பாளையத்தின் இந்த மூன்றாம் மாடி அறைக்குச் சிவப்புப் புள்ளியாக அனுப்பியிருக்கிறது. பனியன் கம்பெனிக்கும் கல்குழிக்கும் முதலாளி ஒருவரே என்பதால், கீழே நூல் துணியாகிக்கொண்டிருக்க, மேலே அவள் ஒரு மண்பாதையின் மேடுபள்ளங்களைக் காவல் காத்தாள். இன்று பகல் பதினொரு மணிவரை நான்கு வண்டிகள், ஒன்பது நடை. ஒரு புள்ளி இல்லை. பாதையைக் காட்டும் பச்சைக் கோடு, எண்ணெய் தடவியதுபோல் வழவழவென்று குழிக்குள் இறங்கியது.

ரோலர் ஓட்டினார்களா என்று குவாரி கேட் காவலர் சின்னானிடம் போனில் கேட்டாள். ரோலர் பழுதாகிப் பத்து நாளாகிறது என்றார் அவர்.

ஒரே நாளில் ஒரே இடத்தில் மூன்று வண்டிகள் குலுங்கினால் கேட் தானே மூடிக்கொள்ளும். பாதையைச் செப்பனிட்ட பிறகே திறக்கும். உயிரைக் காக்க எழுதப்பட்ட விதி. அந்த விதியைச் சாகடிக்கும் வழியை மேலாளர் கிட்டுசாமி முதல் வாரத்திலேயே அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்: இரண்டை விட்டுவிடு, மூன்றாவதிலிருந்து அழித்துவிடு, 'ஓட்டுநர் பிழை' என்று எழுதிவிடு. அழித்தாள். நாள்தோறும் அழித்தாள். கல்லை நிறுக்க எடைமேடை உண்டு. லாரியைச் சீராக்கப் பட்டறை உண்டு. லாரிக்குள் குலுங்கிக் குலுங்கித் தேய்கிற முதுகெலும்புக்கு இருந்த ஒரே சாட்சி அந்தச் சிவப்புப் புள்ளி. அதை அவள் விரல் தின்றது.

ஏழாம் எண் வண்டியில் தேய்ந்த முதுகெலும்பு அவளுடைய அண்ணன் ஆரோக்கியராஜுடையது. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து அவளை அழைத்துவந்து இந்த நாற்காலியில் உட்காரவைத்தவன் அவன். சென்ற ஞாயிறு, இடுப்புப் பெல்ட்டைக் கழற்றாமலே சாப்பிட உட்கார்ந்து, ஒரு நாளாவது அந்தப் புள்ளியை விட்டுவைக்கக் கூடாதா என்று சிரித்துக்கொண்டே கேட்டான். அவள் குழம்பை ஊற்றினாள்.

பச்சைக் கோட்டின் ஓரத்தில் இன்னொரு எண் உண்டு. ஆழம். எவரும் பார்க்காத எண். குழியின் அடித்தரை நூற்றெண்பது அடி.

ஏழாம் வண்டி நூற்றெண்பத்தாறில் இருந்தது.

கணினியை அணைத்து மீண்டும் போட்டாள். நூற்றுத் தொண்ணூற்றொன்று. சுமை ஏற்றிக்கொள்ளக் கீழே போகும் வெற்று வண்டி அடித்தரையில் நிற்க வேண்டும்; இது நிற்கவில்லை. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை கறுக்கென்று முனகியது. மேகம் மூடிய வெளிச்சம் சன்னல் வழியாகச் சாம்பலாய்க் கசிந்து மேசைமேல் படிந்தது. அந்த அறைக்கே உரிய சாய வாடையை விலக்கிக்கொண்டு, வெடி வைத்துப் பிளந்த கல்லின் ஈரமான பச்சை வாடை எங்கிருந்தோ வந்து அவள் நாக்கின் அடியில் ஒட்டிக்கொண்டது.

பக்கத்து அறைக்கு ஓடினாள். கிட்டுசாமி எழுந்து வந்து, கண்ணாடியை உயர்த்தித் திரையைப் பார்த்தார்.

"பெட்டி கெட்டுப்போயிருக்கும் கண்ணு. பாதை எத்தனை நல்லா இருக்குது பாரு."

"கேட்டை மூடச் சொல்லுங்க சார். எங்கண்ணன் வண்டி தரையத் தாண்டிப் போகுது."

"எதைக் காட்டி மூடறது? மூணு குலுக்கல் வேணுமல்ல. ஒண்ணுகூட இல்லியே."

அவர் கேலி செய்யவில்லை. உண்மையைத்தான் சொன்னார். அதுதான் அவள் நெஞ்சில் கல்லாய் விழுந்தது. முதலாளியிடமிருந்து அழைப்பு வர, அவர் போய்விட்டார்.

அழித்தவற்றை மீட்கப் பட்டியலைத் திறந்தாள். எட்டு மாதத்துப் புள்ளிகள். ஒன்றும் இல்லை. கையாலேயே ஒரு சிவப்புப் புள்ளி வைத்தாள். இரண்டாவது வைத்தாள். மூன்றாவதை வைப்பதற்குள் முதல் புள்ளி பச்சையாகியிருந்தது. மறுபடி வைத்தாள். பச்சை. மறுபடி. பச்சை.

இருநூற்றுப் பன்னிரண்டு.

சின்னானை மறுபடி அழைத்து, கேட்டைக் கையாலேயே மூடுங்கள், ஓடிப்போய்ப் பாருங்கள் என்று கெஞ்சினாள். அவர் மூச்சிரைக்கப் போய், குழியின் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தார்.

"நாலு வண்டியும் உள்ளதானுங்க போச்சு. ரோட்டுல ஒண்ணையும் காணோம். தூசிகூடக் கெளம்பலீங்க."

குழிக்குள் எந்நாளும் சிக்னல் கிடையாது. இருந்தும் அண்ணனின் எண்ணை அழுத்தினாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

"ராணி, ரோட்டை என்ன செஞ்சீங்க? துணி விரிச்ச மாதிரி இருக்கு. முதுகு வலிக்கவே இல்ல."

"நிறுத்துண்ணே. பிரேக்கப் போடு."

"பிரேக்லதான் கால வச்சிருக்கேன் தாயி. இஞ்சினை அப்பவே அமத்திட்டேன்."

அவன் குரலுக்குப் பின்னால் எந்த ஒலியும் இல்லை. டயர் இல்லை. காற்று இல்லை.

"குதிச்சிரு. கதவத் தெறந்து குதிச்சிரு."

"தெறந்து பாத்துட்டேன். கைக்கெட்டுற தூரத்துல கல்லு. மேல போயிக்கிட்டே இருக்கு."

இருநூற்று அறுபது. எழுபத்தொன்று. அவனுக்குப் பின்னால் மற்ற மூன்று வண்டிகள், சீரான இடைவெளியில். எல்லாம் பச்சை. திரையின் மேல்விளிம்பில் ஒரு வரி: சாலை நிலை மிக நன்று.

எழுந்தாள். கீழ்த்தளத்தில் பின்னல் மெஷின்கள் இரைவது கேட்டது. கேட்டது மட்டும்தான். காலடியில் அதிர்வில்லை. சுவர் அதிரவில்லை. மேசைமேல் டம்ளரில் தேநீர் ஆடாமல் நின்றது. கல் வாடை. இப்போது வாய் நிறைய.

சன்னல் பக்கம் திரும்பினாள்.

எதிர்க்கட்டடத்தின் மூன்றாம் மாடிக் கைப்பிடிச்சுவர், அதில் காயப்போட்ட துணிகளோடு, மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது. சிறு குலுக்கல்கூட இல்லாமல். இரண்டாம் மாடி வந்தது. முதல் மாடி. ஒரு கடையின் இரும்புக் கதவு, அதன் முன்னால் நின்று அவளைப் பார்க்காமல் போன் பேசிக்கொண்டிருந்த ஒருவனின் முகம், மார்பு, செருப்பு.

"நல்ல ரோடு தாயி," என்றான் அண்ணன் அவள் காதுக்குள்.

பிறகு சன்னல் நிறையக் கருங்கல்.