பேர் சொல்லக்கூடாத பிணம்

கிர்கிஸ் நாட்டு ஆக்-தெரெக் போலீஸ் ஸ்டேஷனின் டெலிபோன் காலை பதினொன்று பத்துக்கு அலறியது.

கேப்டன் மெதெர் எடுத்தார்.

"சார்... பெரியவர் போயிட்டாரு."

பெண் குரல். துளிப் பதற்றம் இல்லை.

"எந்தப் பெரியவர்மா?"

"எங்க வீட்டுப் பெரியவர்தான். மூணு நாளா உடம்பு ஜில்லுனு கிடக்கு. வாசப்படி குறுகல், முழுசா வெளிய எடுக்க முடியாதாம். ரெண்டா வெட்டிடலாமான்னு ஆளு கேக்கறான். நான் இன்னும் சரின்னு சொல்லல."

கேப்டனின் கையிலிருந்த தேநீர்க் கிண்ணம் தானாக மேஜைக்குப் போய் உட்கார்ந்தது.

"செத்தவர் பேரைச் சொல்லு."

"அதை நான் வாயால சொல்லக்கூடாது சார். பாலத்தை ஒட்டின நீலக்கதவு வீடு. சீக்கிரம் வாங்க. புதுசு வேன்ல வந்து நிக்குது."

க்ளிக்!

புதுசா...? பழைய பெரியவரை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் புதுப் பெரியவரா?

நீலக்கதவு வீடு யாருடையது என்று ஊர் வாத்துகளுக்குக்கூடத் தெரியும். கஸான்பாய்! எழுபத்திரண்டு வயது. மகன் மாஸ்கோவில் டாக்ஸி ஓட்டுகிறான். வீட்டில் மருமகள் பெர்மெட் மட்டும்தான் துணை. மாமனார் பேரையோ, அந்தப் பேருக்குள் இருக்கும் எந்தச் சொல்லையோ மருமகள் உச்சரிக்கக்கூடாது. அந்தக் கட்டுப்பாட்டுக்குத் 'தெர்கோ' என்று பேர். போலீஸ் விசாரணைக்கும் கிர்கிஸ் பாஷையில் அதே சொல்தான்!

வெட்டும்போதுகூட மாமனாருக்கு மரியாதை... மெதெருக்குப் புல்லரித்தது.

கூடவே நாக்கில் எச்சிலும் ஊறியது. திங்கட்கிழமை மேஜர் பதவி உயர்வுப் பட்டியல் வருகிறது. ஒரு கொலையைக் கண்டுபிடித்தால் தோளில் பெரிய நட்சத்திரம் நிச்சயம். பெயரில் ஒரு கறை விழுந்தால் நட்சத்திரம் கோவிந்தா! சுவரில் ஏற்கெனவே ஒரு பாராட்டுப் பத்திரம் தொங்கியது. போன பிப்ரவரியில் ஊருக்குள் புகுந்த ஓநாயை ஒற்றைத் தோட்டாவில் விரட்டிய வீரத்துக்காக.

அந்த ஓநாயை வேறு யாரும் பார்க்கவில்லை என்பது ஒரு சின்ன விஷயம்.

ஜீப் பறந்தது. அது போன வேகத்தில் தெருவோரத்து நெட்டை பாப்லர் மரங்கள் மிச்சமிருந்த அக்டோபர் இலைகளை மொத்தமாக உதிர்த்துக்கொண்டன. பக்கத்தில் நூற்றுப்பத்து கிலோ சார்ஜென்ட் ஒமோர், கறி அடைத்த சம்ஸாவின் கடைசிக் கடியை மென்று விழுங்கினார்.

நீலக்கதவு. ஒரே உதை!

வாசலில்... செக்கச்செவேல் என்று ஒரு குட்டை.

அதன் நடுவே கையுறை, சுத்தியல், இரும்பறுக்கும் மிஷினோடு ஓர் ஆள். ஊரில் பாய்லர் மாற்றும் மேஸ்திரி ஸமீர்.

"கையைத் தூக்குடா. பிணம் எங்க?"

ஸமீர் கையைத் தூக்கினான். சுத்தியல் அவன் கால் கட்டைவிரலில் விழுந்தது.

அப்போது கேப்டனின் தோளுக்குப் பின்னால் ஒரு குரல்.

"யாரு தம்பி செத்தது? எனக்குத் தெரிஞ்சவரா?"

மெதெர் திரும்பினார். கஸான்பாய்! வலது கையில் கெட்டில். இடது கையில் ரொட்டி. உடம்பில் மூன்று ஸ்வெட்டர். மூக்கு நுனி மட்டும் நீலம்.

ஒமோர் உட்கார இடம் தேடினார். கிடைக்காமல் கேப்டன் மேலேயே சாய்ந்தார்.

உள்ளேயிருந்து பெர்மெட் வந்தாள். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மூலையில் ஆளுயரத்துக்குக் குப்புறக் கிடந்த இரும்புப் பெட்டியைக் கண்ணால் காட்டினாள்.

"அவர்தான் சார் பெரியவர்."

கேஸ் பாய்லர்.

பாய்லருக்குக் கிர்கிஸ் பாஷையில் கஸான் என்று பேர். மாமனாரோ கஸான்பாய். மருமகள் எப்படிச் சொல்வாள்? இந்த வீட்டுக்கு வாழ வந்த நாள் முதல் அது அவளுக்குப் 'பெரியவர்'தான். வாசலில் தேங்கியது ரத்தமில்லை, குழாய்க்குள் பதினெட்டு வருஷமாய் ஊறிய துருத்தண்ணீர்!

ஒமோர் சிரித்த சிரிப்பில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கேப்டன் சிரிக்கவில்லை. அவர் கண்ணெதிரே ஒரு பெரிய நட்சத்திரம் இறக்கை கட்டிப் பறந்துகொண்டிருந்தது. பொய்ப் புகாருக்கு என்ன தண்டனை தெரியுமா என்று அவர் எகிற, பெர்மெட் அசராமல் தன் கதையைச் சொன்னாள்.

மூன்று வாரம் வீட்டில் போர். மாமனாருக்கு நிலக்கரி அடுப்புதான் அடுப்பு, மற்றதெல்லாம் பொம்மை. அவளுக்கோ குளிர்காலத்தில் சூடும் ஜூலையில் குளிரும் ஒன்றாய்த் தரும் சுவர் மிஷின் மேல் ஆசை. இருக்கிற பாய்லரே நன்றாக எரிகிறதே என்று கடைசியில் ரெண்டு பேரும் சமாதானமானார்கள். சும்மா சுத்தம் செய்து தரச் சொல்லி ஸமீரைக் கூப்பிட்டார்கள். அவன் துடைத்துவிட்டுப் போன ஒரு மணி நேரத்தில் பாய்லர் அணைந்தது. திரும்பி வந்து தட்டிப் பார்த்தவன், செத்துவிட்டது, என்னிடம் புத்தம் புதுசு ஒன்று இருக்கிறது என்றானாம். தொண்ணூறாயிரம் சோம்!

"வீட்டை ஒரு முழம்கூட அளக்கல சார். ஜன்னல் எத்தனைன்னு எண்ணல. மச்சு எவ்வளவு உயரம்னு அண்ணாந்துகூடப் பாக்கல. கால்சட்டை தைக்கறவன்கூட இடுப்பை அளக்கறான். இவன் மட்டும் எப்படி சார் வேன்லயே கொண்டுவந்தான்?"

"பாய்லர் செத்ததுக்கெல்லாம் போலீஸ் வராதும்மா."

விருட்டென்று வெளியே நடந்தார் கேப்டன்.

வேனைத் தாண்டும்போதுதான் அது நடந்தது.

உள்ளே அந்தப் புத்தம் புதுசு. வெள்ளை வெளேர் என்று, பிளாஸ்டிக் உறைக்குள், கல்யாணப் பெண் மாதிரி. கீழே வலது மூலையில் மட்டும்... பட்டாணி அளவு ஒரு மேடு. பசை வைத்து அடைத்துப் பெயின்ட் அடித்த மேடு.

மெதெரின் முதுகெலும்பில் ஒரு எறும்பு ஏறியது. பிறகு அதன் குடும்பமே ஏறியது.

பிப்ரவரி. ஞாயிறு. சமையலறையில் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார். டுமீல்! தோட்டா பாய்லரின் வயிற்றில், கீழே வலது மூலையில். தோட்டாக் கணக்கு எழுதும்போது பாய்லர், ஓநாய் ஆனது. ஓட்டையைப் பார்க்க வந்த மேஸ்திரி, பாய்லர் செத்துவிட்டது என்று சொல்லி, 'குப்பையை நானே எடுத்துட்டுப் போறேன் அண்ணே' என்று பெரிய மனசோடு தூக்கிப்போனான்.

அந்த மேஸ்திரி...

"ஓநாய் சௌக்கியமா அண்ணே?"

காதோரம் ஸமீர். கிசுகிசுப்பு.

"இதைத் தோண்டினா உள்ள தோட்டா இருக்கும். தோட்டாவைக் காட்டினா பத்திரம் போயிடும். திங்கக்கிழமை வேற வருது. ஜீப்புல ஏறுங்க அண்ணே, குளிருது."

கேப்டன் ஒரு காலை ஜீப்பில் வைத்தார். நட்சத்திரம் கண்ணெதிரே திரும்பி வந்து மினுக்கியது.

மறு காலை வைக்கப் போனவருக்குத் திடீரென்று பொறி தட்டியது. தன் வீட்டில் ஸமீர் மாட்டிய புதுசு? அது எந்த வீட்டுப் பெரியவர்? எட்டு மாதமாய் அது இருமுகிறது. பெண்டாட்டி நான்கு போர்வைக்குள்ளிருந்து கண்ணை மட்டும் நீட்டித்தான் அவரோடு சண்டை போடுகிறாள்!

காலை இறக்கினார்.

"ஒமோர், நோட்டை எடு. எழுது. பிப்ரவரியில நான் சுட்ட ஓநாய்க்குக் கால் கிடையாது. குழாய்தான்."

"சார்?"

"எழுதுய்யா."

ஜீப் சாவியால் மேட்டைக் குடைந்தார். பசை உதிர்ந்தது. உள்ளேயிருந்து 'டொக்' என்று அவர் பூட்ஸ் மேல் விழுந்தது தோட்டா!

ஸமீர் ஓடினான். நொண்டிக் கட்டைவிரலோடு எவ்வளவு தூரம் ஓட முடியும்? ஒமோர் அவனைத் துரத்தவில்லை. அவன் வரும் வழியில் சும்மா நின்றார். மோதியவன் சுவரில் மோதினதாகத்தான் இன்றுவரை சொல்கிறான்.

அவன் சட்டைப் பையில் ஏழு தாமிரக் கம்பிகள். ஒவ்வொன்றும் விரல் தடிமன்கூட இல்லை. சுடர் எரிகிறதா என்று பார்த்து கேஸைத் திறந்து வைக்கும் கம்பி. துடைக்கிற சாக்கில் நல்லதை உருவிவிட்டுப் பட்டுப்போனதைச் சொருகுவான். பாய்லர் அணையும். ஒரு வீட்டில் செத்தது, பெயின்ட் பூசிக்கொண்டு அடுத்த வீட்டில் பிறக்கும்!

பெரியவரை நிமிர்த்தி, குழாய்களைப் பூட்டி, தண்ணீர் நிரப்பி, அவருடைய கம்பியை அவரிடமே கொடுத்தார்கள். தீக்குச்சி. 'பொஃப்!' நீலச் சுடர்.

பெரியவர் கண் திறந்துவிட்டார்!

கஸான்பாய் ஒரு ஸ்வெட்டரைக் கழற்றினார்.

கேப்டன் பெருமூச்சு விட்டார். "நல்லவேளை, மாமனார் பேர்ல அந்தச் சொல் இருந்துச்சு. இல்லேன்னா நான் வந்திருக்கவே மாட்டேன்."

"அது தெரிஞ்சுதானே சார் அப்படிப் பேசினேன்" என்றாள் பெர்மெட்.

"என்னது?"

"இந்த மூணு நாள்ல மூணு தடவை ஸ்டேஷனுக்கு எழுதிக் கொடுத்தேன். ரஷ்ய பாஷைல, கத்யோல்னு தெளிவா. ரஷ்யச் சொல்லுக்குத் தெர்கோ கிடையாதே. மூணு தடவையும் பாய்லருக்கெல்லாம் போலீஸ் வராதுன்னு திருப்பி அனுப்பினது நீங்கதான். அப்புறம் சந்தையில உங்க வீட்டு அக்காவைப் பாத்தேன். அந்த ஓநாய் உங்க பழைய பாய்லர்தான்னும், தோட்டா எந்த மூலையில பட்டுச்சுன்னும் விரலால தொட்டுக் காட்டாத குறையாச் சொன்னாங்க. இன்னிக்கு வேனைப் பாத்தா அதே மூலையில மேடு. அந்த ஓநாயை அடையாளம் காட்ட ஊர்ல வேற யாரு இருக்கா, சொல்லுங்க?"



"நீ செஞ்சதும் தெர்கோ, தம்பி செய்யறதும் தெர்கோ" என்றார் கஸான்பாய், மருமகளைப் பெருமையாய்ப் பார்த்தபடி. "ஆனா நீ ஒரு பேரைக்கூடச் சொல்லாமலே ஆளைப் புடிச்சிட்டே."

அப்போது கேப்டனின் செல் அடித்தது. மேலதிகாரி. ஒமோர் செய்தியை முந்திக்கொண்டு அனுப்பியிருந்தார். மேலதிகாரி முழுசாய் நான்கு நிமிஷம் சிரித்தார். பிறகு பேசினார். பாராட்டுப் பத்திரத்தை மடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். ஏழு மோசடிகளைப் பிடித்ததற்காக மேஜர் நட்சத்திரம் உண்டு. ஆனால் வேலை மலைக்கணவாய்ச் சாவடியில். அங்கே மைனஸ் முப்பது. நிஜ ஓநாய்களும் உண்டு.

மெதெர் தொப்பியைக் கழற்றினார். குரல் இறங்கியது.

"பெர்மெட்... மைனஸ் முப்பதுக்கு எந்த பாய்லர்மா வாங்கலாம்?"

"மொதல்ல ரூமை அளந்துட்டு வாங்க சார். அப்புறம்... எதை வாங்கினாலும் அதைச் சுட்டுடாதீங்க."