உறிஞ்சிப் பார்த்தது யார்?

"பொணம்... பொணம்...!"

கம்பாலா, நாசர் ரோடு. அச்சுக்கடைகள் ஒவ்வொன்றாக ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்த காலை. மூன்றாம் மாடியிலிருந்து வாட்ச்மேன் ஓசென் இறங்கி வந்த வேகத்தைப் பார்த்தால், பாதிப் படிகளை அவர் மிதித்திருக்கவே மாட்டார்.

எதிரே ஏறி வந்த நபோசாவின் கையிலிருந்த முட்டை சப்பாத்தி தரையில் விழுந்தது.

"எங்கே ஓசென்?"

"உங்க ரூம்லதான் அக்கா. மேஜை மேல. மரவுரி சுத்திப் படுக்க வெச்சிருக்கு. போலீசுக்குப் போன் பண்ணிட்டேன்."

நபோசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செத்தவர்களை மரவுரியில் சுற்றிப் புதைக்கிற ஊர் இது. மேஜை மேல் நீளமாக ஒன்றை மரவுரி போர்த்தி வைத்தால் யார்தான் அலற மாட்டார்கள்? ஓசென் வேலைக்குப் புதுசு. உள்ளே படுத்திருப்பது அவள் கையால் செய்த பிரிண்டர் மெஷின் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"அது என் மெஷின் ஓசென். ஆமா... பூட்டின ரூமுக்குள்ள நீங்க எப்படிப் பார்த்தீங்க?"

"பூட்டா? கதவு தொறந்துல்ல கிடந்தது..."

சிரிப்பு நின்றது.

ஓடினாள். பூட்டு உடைந்து தொங்கியது. மரவுரியை உருவினாள். மெஷின் இருந்தது. பக்கத்தில் ஈர ஸ்பாஞ்ச் போட்ட டப்பா இருந்தது. அதற்குள் இரண்டு ஹெட் இருக்க வேண்டும்.

ஒன்றுதான் இருந்தது!

அதை எடுத்து, அடியில் தான் போட்டுவைத்த கீறலைத் தேடிப் பார்த்தாள். இது செத்த ஹெட். போனது உயிருள்ளது.

ஹெட் என்றால் பிரிண்டரில் மை துப்புகிற பாகம். காயலான் கடையில் வாங்கிய ஆபீஸ் பிரிண்டரிலிருந்து பிடுங்கியது. எந்த வயர் எந்த வேலைக்கு என்று செய்த கம்பெனி சொல்லாது. பிரிண்டரை ஓடவிட்டு, ஒவ்வொரு வயரிலும் என்ன சிக்னல் போகிறது என்று ஒட்டுக்கேட்டு, தப்பான வயரில் கரண்ட் கொடுத்து ஹெட் ஹெட்டாகக் கொன்று, கடைசியில் ஒன்று மட்டும் அவள் சொன்ன பேச்சைக் கேட்டது. அந்த மாடல் இப்போது எங்கேயும் கிடைப்பதில்லை.

இன்றைக்குத்தான் ஓட்டல் முதலாளி முகீபி வருகிறார். அவர் கண் முன்னால் மரவுரியில் அச்சடித்துக் காட்டினால், ஓட்டல் சுவருக்கெல்லாம் படம் போடுகிற ஆர்டர் அவளுக்கு. இல்லாவிட்டால் அறையைக் காலி செய்துவிட்டு, பழையபடி செல்போனுக்கு ஸ்டிக்கர் ஒட்டப் போக வேண்டியதுதான்.

இன்ஸ்பெக்டர் அபியோ மூச்சு வாங்க ஏறி வந்தார். பிணம் இல்லை என்றதும் அந்த அம்மாள் முகத்தில் அப்பட்டமான ஏமாற்றம்.

"காலைச் சாப்பாட்டை விட்டுட்டு வந்திருக்கேன். திருட்டுத்தானா?"

"எனக்கு உயிரே போன மாதிரிதான் மேடம். ரெண்டு ஹெட்டும் பார்க்க ரெட்டைப் பிள்ளைங்க. திருடன் சரியா நல்லதை எடுத்திருக்கான்."

"எப்படிக் கண்டுபிடிச்சானாம்?"

"வாய் வெச்சு உறிஞ்சியிருக்கான். இங்க பாருங்க, செத்ததுல எச்சில்."

நாசர் ரோட்டில் பழைய ஹெட்டை உறிஞ்சிப் பார்க்காமல் எவனும் வாங்க மாட்டான். இழுத்தால் மை வரும், நல்லது. வராவிட்டால் அடைப்பு, குப்பை.

"தூ..." என்றார் அபியோ. "அப்போ வாயில மை இருக்கணுமே?"

நபோசா மை பாட்டிலை எடுத்துப் பார்த்தாள். சாதாரண மை மரவுரியில் ஊறிப் பரவிவிடும் என்று அவளே தயாரித்த மை அது. கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற இரும்புச் சத்து மாத்திரையைக் கரைத்தது. பாட்டிலில் எலுமிச்சை ஜூஸ் போல இருக்கும். மரவுரியில் பட்டால்தான் கறுக்கும். திருடன் அதை ஹெட் கழுவிய தண்ணீர் என்று நினைத்திருப்பான்.

சத்தம் கேட்டுப் பக்கத்து அறை கியேயுனே எட்டிப் பார்த்தார். விசிட்டிங் கார்டு அச்சடிப்பவர். நபோசாவின் ஹெட்டை விலைக்குக் கேட்டுக் கேட்டு அலுத்தவர். போன மாதம் முழுக்கப் பல்வலி என்று வாயைத் துணியால் மூடிக்கொண்டு திரிந்த மனிதர். அபியோவின் பார்வை அவர் மேல் போய் ஒட்டிக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து முகீபி வந்து சேர்ந்தார். வெள்ளைச் சட்டை, பளபள ஷூ. விஷயம் கேட்டு உச்சுக் கொட்டினார்.

"எனக்கு இந்த மை, மெஷின் எதுவும் தெரியாதும்மா. நான் ஓட்டல்காரன். ஆனா பாவமா இருக்கு. உன் வயர் படத்தையும் புரோகிராமையும் குடுத்துடு. ஏதோ பார்த்துத் தரேன்."

ஹெட்டே இல்லாதபோது வயர் படம் எதற்கு?

நபோசா அதைக் கேட்கவில்லை. ஓசெனிடம் எல்லோருக்கும் டீ வாங்கி வரச் சொன்னாள். பால் வேண்டாம், நன்றாகத் திக்காக, என்று இரண்டு தரம் சொல்லி அனுப்பினாள்.

டீ வந்தது.

"எனக்கு வேணாம்" என்று கியேயுனே பின்வாங்கினார். "சோடா போதும்."

அபியோ நகர்ந்து வாசலை மறித்து நின்றார். அவர் கை இடுப்பிலிருந்த விலங்கைத் தடவியது.

"எனக்குக் குடும்மா" என்றார் முகீபி. "விடியறதுக்கு முன்னாடி கிளம்பினவன். வாயில இன்னும் பச்சைத் தண்ணி படல."

ரசித்துக் குடித்தார். கோப்பையை வைத்துவிட்டு நபோசாவைப் பார்த்துப் பரிவாகச் சிரித்தார்.

அன்றைக்கு இரண்டாம் முறையாக ஓசென் அலறினார்.

"அக்கா... அவர் வாய்...!"

பல், நாக்கு, ஈறு... எல்லாம் கன்னங்கரேல்!

"என் மையில இருக்கறது இரும்பு சார்" என்றாள் நபோசா. "மரவுரியில இருக்கற துவர்ப்பு டீயிலயும் இருக்கு. கலந்தா கறுத்துடும். மை தெரியாத ஓட்டல்காரருக்கு ஹெட்டை உறிஞ்சிப் பார்க்க யார் கத்துக் குடுத்தா?"

முகீபி பதறிப்போய் வாயைத் துடைக்கப் பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை உருவினார். கைக்குட்டை சொட்டச் சொட்ட ஈரம். அதற்குள்ளிருந்து ஹெட் துள்ளி விழுந்தது. தரையைத் தொடும் முன் நபோசா இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள்.

"காயவிடக் கூடாதுன்னு ஈரத்துணியில வேற சுத்தியிருக்கீங்க. நம்ம ரோட்டு ஆளுதானா சார்?"

ஓட்டல் கட்டுவதற்கு முன் இதே ரோட்டில் அச்சகம் வைத்திருந்ததை, விலங்கு மாட்டிய பிறகு முகீபி ஒப்புக்கொண்டார். சொன்னபோதும் வாயைச் சரியாகத் திறக்கவில்லை.

ஆர்டர் போயிற்று. ஆனாலும் நபோசாவுக்கு அழுகை வரவில்லை. ஹெட்டை மாட்டி, மரவுரியை விரித்து, சுவிட்சைத் தட்டினாள். ஹெட் ஓடியது. மங்கலாக விழுந்த எழுத்துகள் கண்ணெதிரே கறுத்தன. 'இது பிணம் அல்ல. ஓசென் அலற வேண்டாம்.'

அபியோ சிரித்துக்கொண்டே கிளம்பினார். வாசலில் நின்று கியேயுனேயைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆமா, நீ ஏன்யா டீ வேணாம்னே?"

கியேயுனே சோடாவை ஒரு மிடறு விழுங்கினார்.

"போன மாசம் பல்வலின்னு சொன்னேனே மேடம்... அது பல்வலி இல்ல. உறிஞ்சிப் பார்த்த கையோட டீ குடிச்சுட்டேன்."