வராத படகின் நாற்பத்தொரு நாள்

“உங்கள் புகார் நூற்றுக்கு நூறு நியாயமானது,” என்றார் கீர்த்திவாசன். “படகு வரவில்லை. இனி வரவும் வராது. விற்றவரே அதை மறுக்கவில்லை. ஆகவே, நீங்கள் பெற்றுக்கொண்டதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் பணத்தை உங்கள் அட்டையில் வரவு வைத்துவிடுவோம்.”

குருபிரசாத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். “நான்தான் ஒண்ணுமே வாங்கிக்கலையே சார்?”

“வாங்கியிருக்கிறீர்கள். நாற்பத்தொரு நாள் மகிழ்ச்சி.”

கீர்த்திவாசனின் பெயர்ப்பலகை அவருடைய மேஜையைவிட நீளம். ‘முந்துநிலை மீட்புப் பிரிவின் முதுநிலை இணக்க ஆலோசகர்’ என்று அதில் பொறித்திருந்தது. இரண்டு முனையும் மேஜைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால், வருகிறவர்கள் இடுப்பில் இடிபடாமல் ஒருக்களித்து வந்து உட்கார வேண்டும். அந்தக் காலத்தில் இதே வேலையைச் செய்தவரை கிளார்க் என்று கூப்பிட்டார்கள்.

கடன் அட்டை வைத்திருக்கும் எல்லோருக்கும் காதுக்குப் பின்னால் மிளகு அளவில் ஓர் உவகைமானி பதித்திருக்கிறது. எந்த நிமிடத்தில் எவ்வளவு சந்தோஷம் என்பதை அது வங்கிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். எந்தப் பொருளால் வந்த சந்தோஷம் என்பதை வங்கியின் கணிப்பான் பிரித்தெடுத்துக்கொள்ளும். முதலில் இதைப் பொருத்தியபோது வாடிக்கையாளரின் நலனுக்காக என்றார்கள். நம் நலனுக்காகச் செய்யப்படும் எல்லாக் காரியங்களையும் போல, இதற்கும் நிறைய இடங்களில் கையெழுத்து வாங்கினார்கள்.

பிறகு முந்துநிலைச் சட்டம் வந்தது. விற்பனை ரத்தானால் இரு தரப்பும் விற்பனைக்கு முந்தைய நிலைக்குத் திரும்பிவிட வேண்டும். விற்றவர் பணத்தைத் தர வேண்டும், வாங்கியவர் பொருளைத் தர வேண்டும். பொருளே வரவில்லை என்றால், அது வரும் வரும் என்று காத்திருந்தபோது அனுபவித்த சந்தோஷத்தைத் தர வேண்டும். அதை மண்டையிலிருந்து எடுக்க உவகைவாங்கி என்றொரு கருவி வங்கிகளில் இருந்தது. ஞாபகம் அப்படியே இருக்கும், ருசி மட்டும் போய்விடும்.

“பாருங்கள்,” என்று கீர்த்திவாசன் திரையைத் திருப்பினார். அதில் இரண்டு கோடுகள் பக்கத்தில் பக்கத்தில் ஏறி இறங்கின. ஒன்று குருபிரசாத், மற்றது இணை அட்டை வைத்திருந்த அவர் மனைவி அபிநயா. “ஆடி பதினொன்று, மாலை. இரண்டு பேருக்குமே இப்படி எகிறியிருக்கிறது. எங்கள் கிளையில் இந்த வருடம் இதுதான் உச்சம். என்ன நடந்தது?”

“எலுமிச்சம்பழம்,” என்றார் குருபிரசாத்.

மேலைக்கரணையில் ஐப்பசி தொடங்கி மூன்று மாதம் தெருவில் தண்ணீர்தான். அதை வெள்ளம் என்று சொல்வதை எல்லோரும் விட்டுவிட்டார்கள். படகு இல்லாத வீட்டுக்கு வாடகைக்குக்கூட ஆள் வருவதில்லை. குருபிரசாத் ஓய்வு பெற்ற பிறகு, ஏழு மாத ஓய்வூதியத்துக்குச் சமமான தொகையில் ஈரிருக்கை மின்படகு ஒன்றை ‘தோணித்துறை’ என்ற வலைக்கடையில் வாங்கினார். அதுவரை அந்த வீட்டில் தினசரிப் பேச்சு ஒரு அஞ்சலட்டைக்குள் அடங்கும். மோட்டார் போட்டாச்சா, போட்டாச்சு. மாத்திரை, ஆச்சு. சண்டை என்று எதுவும் இல்லை. முப்பத்து நாலு வருடத்தில் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

படகுக்குப் பணம் கட்டிய அன்றைக்கு அபிநயா கேட்டாள். “என்ன கலருங்க?”

அதில் ஆரம்பித்தது. நீலமா மஞ்சளா என்பதில் மூன்று நாள் போயிற்று. யார் முன்னால் உட்காருவது என்பதில் ஒரு வாரம். ஆடி பதினொன்றாம் தேதி அவள் சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள்.

“ஏங்க, புது வண்டின்னா சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்துவோம். படகுக்குச் சக்கரம் ஏது?”

அவர் யோசித்தார். “முன்னாடி தண்ணியில போட்டு, அது மேல ஏத்தலாம்.”

“பழம் மிதக்குமே! படகும் மிதக்கும். ரெண்டும் முட்டிக்கிட்டு நிக்குமா?”

“அப்ப நீ தண்ணிக்குள்ள நின்னு பழத்தை அமுக்கிப் பிடிச்சுக்க.”

“நான் அமுக்கணும், நீங்க என் மேல படகை ஏத்தணும். முப்பத்து நாலு வருஷமா இதுக்குத்தான் காத்திட்டிருந்தீங்களா?”

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கீழ் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டி, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

“இன்னொன்று,” என்றார் கீர்த்திவாசன். “விற்றவர் ஒரு கடிதத்தை ஆதாரமாகக் கொடுத்திருக்கிறார். நீங்கள் எழுதியது. ‘ஆடி மாதத்தில் புது வாகனம் வீட்டுக்கு வருவது வழக்கமில்லை. ஆவணி முதல் முகூர்த்தத்தில் அனுப்பவும்.’ பத்தே நாளில் முடிய வேண்டிய காத்திருப்பை நீங்களே நீட்டச் சொல்லியிருக்கிறீர்கள். அதாவது, கூடுதல் சரக்கு கேட்டு வாங்கியிருக்கிறீர்கள்.”

குருபிரசாத் தணிக்கைத் துறையில் முப்பத்தோரு வருடம் ஆட்சேபணை எழுதியவர். ஓர் ஆட்சேபணையில் உண்மை இருந்தால் அவருக்கு உடனே தெரிந்துவிடும். எழுந்து, பெயர்ப்பலகையில் இடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

அபிநயா முழுக்கக் கேட்டுவிட்டு, “எனக்குப் பணம் வேணாங்க. போனா போகட்டும்,” என்றாள்.

“அதெப்படி? ஏமாத்தினவனை விட்டுடறதா? நான் ஒரு ஆட்சேபணையையும் பாதியில விட்டதில்ல.”

“நானும் இப்ப ஆட்சேபணைதான் பண்றேன்.”

“உன்னோடது வாய்மொழி. எழுத்து மூலமா வந்தாத்தான் எடுத்துக்க முடியும்.”

அவள் சிரிக்கவில்லை. “அந்த நாளெல்லாம் இருக்கட்டும்னு சொல்றேன்.”

“ஞாபகம் இருக்குமாம். இனிப்பு மட்டும் போகும். காபியில நாம சர்க்கரையை விடலையா? காபி காபிதானே?”

“அது காபியா?” என்றாள் அபிநயா. பிறகு, “உங்க இஷ்டம்,” என்றாள். அந்த வீட்டில் எல்லா விவாதமும் இந்த இரண்டு வார்த்தையில்தான் முடியும்.

உவகைவாங்கி பார்ப்பதற்கு அழகு நிலையத்தில் தலை காயவைக்கும் கிண்ணம் போல இருந்தது. இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். வலியில்லை. ஆளுக்கு ஒரு தேநீர் கொடுத்தார்கள். அது ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. திரும்பும் வழியில் ஆட்டோவில் அவர் சோதித்துப் பார்த்தார்.

“அந்த எலுமிச்சம்பழம்...”

“ஆமா. மிதக்கும்னு சொன்னேன்.”

“நான் உன்னை அமுக்கச் சொன்னேன்.”

“ஆமா.”

எல்லாம் நினைவிருந்தது. தேதியோடு, கரண்டியோடு நினைவிருந்தது. வேறு யாருடைய வீட்டுக் கணக்கையோ படிப்பது போல இருந்தது. பணம் மறுநாள் காலையில் வந்துவிட்டது. வங்கி சொன்ன சொல்லைக் காப்பாற்றியது.

ஐப்பசியில் தண்ணீர் வந்தது. பக்கத்து வீட்டுப் படகுகள் போவதை இருவரும் ஆளுக்கொரு ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். மோட்டார் போட்டாச்சா. போட்டாச்சு. முன்பு அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே ஏதோ கொஞ்சம் இருந்திருக்க வேண்டும். உவகைவாங்கி பொடி சல்லடை அல்ல. எடுக்கும்போது பக்கத்தில் ஒட்டியிருந்ததையும் கொஞ்சம் வழித்துக்கொண்டு போகும் என்று ஒப்பந்தத்தின் அடிக்குறிப்பில் போட்டிருந்தது. குருபிரசாத் அதைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டிருந்தார். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதவர்.

கார்த்திகை பதினெட்டாம் தேதி மாலை, வேறு வேலையில்லாமல் தோணித்துறை கடையைத் திறந்து பார்த்தார். கடை ஜோராக நடந்துகொண்டிருந்தது. ‘பயன்படுத்திய எதிர்பார்ப்புகள்’ என்று புதுப் பகுதி ஒன்று இருந்தது. வரிசையாகச் சிமிழ்களின் படம். வாங்கிக் காதருகே வைத்துத் திறந்தால் போதுமாம். ஒன்பதாவது சிமிழுக்குக் கீழே இப்படி இருந்தது:

‘தம்பதி உவகை. நாற்பத்தொரு நாள். ஆடி முழுவதும் அடக்கம். படகு சம்பந்தப்பட்டது. லேசான எலுமிச்சை வாடை இருக்கும். ஒரே கைப் பயன்பாடு.’

அவர் மூன்று தடவை படித்தார். திருப்பிக் கொடுத்த பொருள் விற்றவருக்குத்தானே போகும். அதுதான் சட்டம். தோணித்துறையிடம் ஒரு காலத்திலும் படகு இருந்ததில்லை என்பதும், அவர்களுக்குப் படகே தேவையில்லை என்பதும் அவருக்குப் புரிந்தது. ஆள் காத்திருக்க வேண்டும், பிறகு கோபப்பட்டு வங்கிக்குப் போக வேண்டும். சரக்கு தானாக வந்து சேரும். இதற்குக் கோபம் வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். வரவில்லை.

அபிநயாவைக் கூப்பிட்டுக் காட்டினார். சிமிழின் விலை அவருக்குத் திரும்பி வந்த அதே தொகை, கூட வரி.

“நம்மளோடதா?” என்றாள்.

“நம்மளோடதுதான்.”

“வாங்கிடுங்க.”

அவர் அட்டை எண்ணைத் தட்டினார். அவள் போகாமல் நின்றாள். “இது வந்தா இதுக்கும் எலுமிச்சம்பழம் வெக்கணுமாங்க?”

“சிமிழுக்கு எதுக்கு,” என்றார் அவர், திரையிலிருந்து கண் எடுக்காமல். அவள் உள்ளே போய்விட்டாள்.

சிமிழ் வரவில்லை. பதினைந்து நாள் கெடு முடிந்ததும், மார்கழி நான்காம் தேதி, பக்கத்து வீட்டுப் படகில் இடம் கேட்டு உட்கார்ந்து வங்கிக்குப் போனார். பெயர்ப்பலகை இன்னும் நீண்டிருந்தது. கீர்த்திவாசனுக்குப் பதவி உயர்வு.

“பிரமாதம்!” என்றார் கீர்த்திவாசன், திரையைப் பார்த்து. “பதினைந்து நாளும் உங்கள் மானி பூஜ்யம். அப்பழுக்கில்லாத புகார். நீங்கள் திருப்பித் தர ஒன்றுமே இல்லை. எல்லா வாடிக்கையாளரும் இப்படி இருந்துவிட்டால் எங்களுக்கு எவ்வளவு வசதி! ஆனால்...” விரலால் திரையைத் தேய்த்தார். “உங்கள் மனைவி பெயரில் ஒரு சின்னப் புள்ளி இருக்கிறது. மூன்று அலகு. ஒன்றுமேயில்லை, அரை நிமிட வேலை. அவரை அழைத்து வந்தால் எடுத்துவிட்டு, முழுப் பணத்தையும் இன்றைக்கே தந்துவிடலாம்.”

“என்னிக்கு அது?”

“கார்த்திகை பதினெட்டு. மாலை ஆறு பத்து.”

குருபிரசாத் தேதியைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஆறு பத்துக்கு அவர் அட்டை எண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். அவள் பின்னால் நின்று ஒன்று கேட்டாள். என்ன கேட்டாள் என்பது நினைவிருந்தது. தான் சொன்ன பதிலும் நினைவிருந்தது.

“புகாரை வாபஸ் வாங்கறதுக்குப் படிவம் இருக்கா?” என்றார்.

“பணம் உறுதி, சார். வெறும் மூன்று அலகு!”

“படிவம் இருக்கா?”

இருந்தது. வங்கியில் எதற்குத்தான் இல்லை? பதினாறு கட்டங்களை நிரப்பினார். ‘காரணம்’ என்ற பதினேழாவது கட்டத்தை வெற்றாக விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவர் வாழ்க்கையில் வெற்றாக விட்ட முதல் கட்டம். கீர்த்திவாசன் அதைத் தொட்டுக் காட்டினார். “காரணம் இல்லாமல் இயந்திரம் ஏற்றுக்கொள்ளாது. எதையாவது எழுதுங்கள்.”

குருபிரசாத் எழுதினார்: ‘மார்கழியில் புதுப் பொருள் வீட்டுக்கு வருவது வழக்கமில்லை. தை பிறந்த பிறகு அனுப்பவும்.’ அது விற்றவருக்குச் சாதகமான ஆதாரம் என்பது அவருக்குத் தெரியும்.

கீர்த்திவாசன் ஆர்வம் தாங்காமல் அவருடைய மானியை எட்டிப் பார்த்தார். பூஜ்யம். ஒன்றும் கிடைக்காமல் ஒரு மனிதர் இவ்வளவு பணத்தை விடுவதை அவர் பார்த்ததில்லை. இதற்கு என்ன தலைப்பு கொடுப்பது என்று பட்டியலில் மேலும் கீழும் தேடினார். கடைசியில், இருப்பதில் பொருத்தமானது என்று ‘திருப்தியடைந்த வாடிக்கையாளர்’ என்பதை அழுத்தினார். அந்த நொடியே தோணித்துறைக்கு ஐந்து நட்சத்திரம் ஏறியது.

வீட்டுக்கு வந்தபோது அபிநயா மேஜையருகே உட்கார்ந்திருந்தாள். மேஜை மேல் ஒரு தட்டு. தட்டில் இரண்டு எலுமிச்சம்பழம், காய ஆரம்பித்திருந்தன. எத்தனை நாளாக அங்கே இருக்கின்றன என்று அவருக்குத் தெரியவில்லை.

“என்ன சொன்னாங்க?”

“மார்கழி முடியட்டும்னு நான்தான் தள்ளிப்போடச் சொல்லிட்டு வந்தேன்.”

“அதுவும் சரிதான்,” என்றாள் அபிநயா. தட்டைப் பார்த்தாள். “அப்ப இந்தப் பழம் தாங்காது. தைக்கு வேற வாங்கணும்.”

“வாங்கலாம்,” என்றார் அவர். அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. நாற்காலியை மட்டும் அவள் பக்கம் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். “எத்தனை?”