வெளியிலிருந்து சாத்தும் கதவு

காலையில் யோகேஸ்வரி தன் கையாலேயே எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டுப் போன குறுக்குக் கட்டை, மதியச் சாப்பாட்டுக்கு அவள் திரும்பி வந்தபோது கடைசி அறைக் கதவின் மேல் கிடந்தது. அதன் இரண்டு நுனிகளும் இரும்புக் கொக்கிகளில் அடக்கமாக உட்கார்ந்திருந்தன. கதவுக்கு உள்ளே, வெளியே வர வேறு வழியில்லாமல், சக்கர நாற்காலியில் அவள் புருஷன் நாகப்பன் இருந்தார்.

கட்டையை உருவிக் கீழே போட்டுவிட்டுக் கதவைத் தள்ளினாள்.

“யாருங்க வந்தா? யாரு சாத்துனது?”

“யாரும் வரல. நீதான் சாத்திட்டுப் போயிட்டேன்னு நெனச்சேன்,” என்றார் நாகப்பன். “ஒன்னுக்குப் போவ முடியாம அரை மணி நேரமா ஒக்காந்திருக்கேன், யோகேசு.”

படம் எடுக்க வருகிற டூரிஸ்டுகளின் வேலையாகத்தான் இருக்கும். போன மாதம்கூட ஒரு கூட்டம் வாடகைக்குச் சேலை எடுத்துக் கட்டிக்கொண்டு, முதுகில் தேயிலைக் கூடையை மாட்டி, வாசலில் நின்று பல்லைக் காட்டிவிட்டுப் போயிற்று. அவர்களை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே நாற்காலியை வெளியே தள்ளினாள். ஆனால் முற்றத்துச் செம்மண் ஈரத்தில் அவளுடைய செருப்புத் தடம் மட்டும்தான் இருந்தது.

இந்த வம்பை விலை கொடுத்து வாங்கியவளே அவள்தான், அதை நினைத்தால்தான் வயிறு எரியும். தோட்டத் தொழிலாளர் குடியிருந்த மேட்டு லயத்தில் மிஞ்சியிருந்தது இந்த ஒரு வரிசை வீடுகள்தான். மற்றக் குடும்பங்கள் எல்லாம் பிரிஞ்சாங் டவுனில் உள்ள அடுக்குமாடிக்குப் போய்விட்டன. நாகப்பனுக்குச் சர்க்கரை நோயில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அவர்களுக்கு ஒதுக்கிய வீடோ மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. லயத்தை இடித்து ஹோட்டல் கட்டப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டபோது, பாரம்பரியச் சின்னமாக அறிவித்துவிட்டால் யாரும் கைவைக்க முடியாது என்று கேள்விப்பட்டாள். அதன் பிறகு அவள் ஓயவில்லை. பாரம்பரியக் கட்டடக் குழுவுக்கு மனு எழுதினாள், பொது விசாரணையில் மைக்கைப் பிடித்துப் பேசினாள். மூடிப்போன தோட்ட ஆபீஸைப் பெருக்கப் போனபோது பழைய கணக்குக் கிராணியின் மேசைக்குள் கிடைத்த ஒரு போட்டோவையும் அத்தாட்சியாகக் கொடுத்தாள். அஞ்சலட்டை அளவுப் படம், பின்னால் பென்சிலில் 1938 என்று எழுதியிருந்தது. லயம் தெரிகிறது, ஆட்கள் நிற்கிறார்கள் என்பதற்கு மேல் அவள் அதை உற்றுப் பார்த்ததுகூடக் கிடையாது.

லயம் பிழைத்தது. சுவரில் பித்தளைப் பலகை பதித்துக் கைதட்டினார்கள். அதன் பிறகு குழு தன் வேலையைக் காட்டியது.

படத்தில் உள்ளபடியே கட்டடம் இருக்க வேண்டுமாம். முன்னறை வாசற்படியில் அவள் போட்டிருந்த சிமெண்டுச் சரிவைப் பெயர்த்தார்கள், படத்தில் அது இல்லை என்று. முன்னறைக்கும் கடைசி அறைக்கும் நடுவே நாகப்பன் இரண்டு காலோடு இருந்த நாளில் உடைத்து வைத்த வாசலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள், பழைய வரைபடத்தில் அது இல்லை என்று. கடைசியில் சக்கர நாற்காலி நுழைய ஒரே ஒரு இடம்தான் மிஞ்சியது. முற்றத்தோடு மட்டமான தரையும், ஒரே கதவும், தலைக்கு மேலே கம்பி போட்ட சின்ன ஜன்னலும் உள்ள கடைசி அறை. அந்தக் கதவுக்குத்தான், வெளிப்பக்கம், புதுக் கொக்கி அடித்துக் கட்டையை மாட்டினார்கள். படத்தில் அது இருந்தது.

“ஏன் தம்பி, எந்த வீட்லயாச்சும் வெளியில தாப்பா வெப்பாங்களா?” என்று அன்றே ஷர்வினிடம் கேட்டாள்.

ஷர்வின்தான் குழுவின் கள அதிகாரி, ஈப்போவிலிருந்து வந்த பையன். நல்லவன்தான், அதுதான் எரிச்சல், மனம்விட்டுத் திட்டவும் முடியாது.

“அந்தத் தாப்பாவாலதான் ஒங்க வீடே பொழச்சுச்சு லா, ஆன்டி. தொத்து நோய் வந்தவங்கள உள்ள வெச்சு வெளிய சாத்துன அறையாம். இந்த மாதிரி வேற எங்கயும் மிஞ்சல. அதுக்குத்தான் மார்க் நெறைய போட்டாங்க. கட்டைய எடுத்தா மார்க் கொறஞ்சிரும், பட்டியல்லேருந்து தூக்கிருவாங்க. அப்புறம் புல்டோசர்தான்.”

“உள்ள வெச்சவங்கள எப்பத் தெறந்து விட்டாங்களாம்?”

ஷர்வின் தன் டேப்லெட்டைக் கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தான். “அது பைல்ல இல்ல, ஆன்டி.”

கட்டையைக் கழற்ற அனுமதி கேட்டு போராங் படிவம் நிரப்பிக் கொடுத்தாள். குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் கூடும். முதல் கூட்டத்துக்குப் போதிய ஆள் சேரவில்லை. அடுத்ததற்கு முன்னால் நேரில் பார்வையிடக் கிளம்பியவர்கள் வழி தவறித் திரிங்காப் ஊரில் யாருடைய பூந்தோட்டக் கொட்டகையையோ பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அதற்கடுத்த கூட்டத்தில், மனுவோடு நாலு பக்கமும் எடுத்த படம் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். குழுவின் அலுவலகக் கவுண்டரில் இருந்த ஹஸ்லினா இப்போதெல்லாம் அவளைக் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்கிறாள். அந்த அளவுக்குப் பழக்கமாகிவிட்டது.

இதற்கிடையில் கட்டை தானாக ஏறிக்கொள்ளத் தொடங்கியிருந்தது. டூரிஸ்டு வராத நாளிலும் ஏறியது. பனி இறங்கும் நேரத்தில்தான் பெரும்பாலும் நடந்தது. அவள் அதைச் சமையல்கட்டில் ஒளித்து வைத்தாள். விறகோடு விறகாகப் போட்டாள். ஒருநாள் பொறுக்க மாட்டாமல் தோளில் தூக்கிக்கொண்டு போய்த் தேயிலைச் சரிவுக்குக் கீழே ஓடையில் வீசிவிட்டு வந்தாள். தூறலில் நனைந்து அவள் வீட்டுக்கு ஏறி வருவதற்குள் அது கதவின் மேல் இருந்தது. அவள் சேலை சொட்டிக்கொண்டிருந்தது. கட்டையில் ஒரு துளி ஈரமில்லை. கிட்டே போனால் அப்போதுதான் அடித்ததுபோல் பச்சைச் சுண்ணாம்பு வாடை வந்தது.

நாகப்பனும் ஒருமாதிரி ஆகிவிட்டார். சோற்றைப் பிசைந்துகொண்டே ஒருநாள் கேட்டார்.

“யோகேசு, சொவத்துக்கு அந்தப் பக்கம் யாரு இருமுறது?”

“அந்தப் பக்கம் நம்ம முன்னறைதானங்க. யாரு இருக்கா அங்க?”

அவர் ஒரு கவளத்தை உருட்டினார். “அப்ப இந்தப் பக்கந்தான்,” என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தார்.

மனுவுக்கான படங்களை எடுக்க வந்த அன்று ஷர்வின் பழைய போட்டோவைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினான். அப்போதுதான் அவள் அதைச் சரியாகப் பார்த்தாள். வாசலுக்கு முன்னால் ஏழு பேர் வரிசையாக நின்றார்கள், தலையில் சாக்கு போட்டபடி. ஒரு முகமும் தெரியவில்லை. எல்லோரும் கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கட்டை போட்ட அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரிசையில் நாலாவது ஆளுக்கும் ஐந்தாவது ஆளுக்கும் நடுவில் ஓர் ஆள் அகலத்துக்கு இடம் விட்டிருந்தது.

“நடுவுல ஒருத்தவங்க நகந்துட்டாங்க போல லா,” என்றான் ஷர்வின்.

அடுத்த கூட்டம் கூடிய நாளில் யோகேஸ்வரி ஒரு முடிவோடு கிளம்பினாள். கடைசி அறைக் கதவை முழுக்கத் திறந்து, பெரிய கல்லை முட்டுக் கொடுத்தாள். கட்டையைச் சாக்கில் சுற்றி, வாடகை வேனில் ஏற்றிக்கொண்டாள். கட்டையே என்னிடம் இருக்கும்போது எதைப் போட்டுச் சாத்துவார்கள், பார்க்கலாம். நாகப்பன் அவளை வித்தியாசமாகப் பார்த்தார்.

“சீக்கிரம் வந்துரு,” என்றார். அவர் எப்போதும் அப்படிச் சொல்கிற ஆள் இல்லை.

பிரிஞ்சாங் மண்டபத்தில் இரண்டு மணிக்குக் கூப்பிட வேண்டியவளை மூன்றேகாலுக்குக் கூப்பிட்டார்கள். மேசையைச் சுற்றிலும் கேக், பைல், தண்ணீர் பாட்டில். அவள் சாக்கைப் பிரித்துக் கட்டையை மேசைமேல் வைத்தாள். வீட்டில் ஒரு காலில்லாத மனுஷன் இருக்கிறார், தீப்பிடித்தால் எப்படி வெளியே வருவார், பதில் சொல்லுங்கள் என்று மலாயில் கேட்டாள். தலைவர் கட்டையைப் பார்த்தார், பைலைப் பார்த்தார். பதிவான பாகத்தை இடத்தைவிட்டு எடுத்ததே குற்றம் என்றார். மனு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்படுகிறது. அதுவரை கட்டை அலுவலகக் காவலில் இருக்கும். ஷர்வின் இன்றே லயத்துக்குப் போய், கட்டை இல்லாத நிலையைப் படமெடுத்துப் பைலில் சேர்க்க வேண்டும்.

ஹஸ்லினா கட்டையில் எண் ஒட்டி, ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டி, ரோஸ் நிறச் சீட்டில் சாப்பா முத்திரை அடித்துக் கொடுத்தாள். யோகேஸ்வரி பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தாள். தோற்றுப்போய் வெளியே வந்தவளுக்கு ஏனோ மாதக்கணக்கில் இல்லாத நிம்மதி. குற்றமாவது மண்ணாவது, சனியன் தொலைந்தது. அபூபக்கர் கடையில் நாகப்பனுக்கு ரொட்டி சானாய் இரண்டும் பருப்புக் கறியும் கட்டிக்கொண்டு, காய்கறி லொறியில் தொற்றி வந்து லயத்துப் பாதையில் இறங்கினாள்.

பனி அன்று வழக்கத்தைவிடச் சீக்கிரம் இறங்கியிருந்தது. சரிவில் தேயிலை வரிசைகள் ஒவ்வொன்றாக அழிந்து, அவள் காலடியிலிருந்து நாலு எட்டுத் தூரம் மட்டும் உலகம் மிச்சமிருக்க, எங்கிருந்தோ வந்துகொண்டிருந்த லொறிச் சத்தமும் நின்றுபோய், தன் செருப்பு ஈர மண்ணில் ஒட்டி விடுபடுகிற ஓசையை மட்டும் கேட்டபடி அவள் ஏறினாள். கையில் பருப்புக் கறியின் சூடு பையைத் தாண்டித் தெரிந்தது. வாசனை மட்டும் தெரியவில்லை. சுண்ணாம்பு வாடைதான் வந்தது.

முற்றத்தில் ஆட்கள் நின்றார்கள்.

மறுபடியும் டூரிஸ்டு. சேலை, கூடை, தலையில் சாக்கு, முழு வேஷத்தோடு வந்திருக்கிறார்கள். நோயாளி இருக்கிற வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். அன்றைய எரிச்சல் மொத்தமும் அவளுக்குத் தலைக்கு ஏறியது.

“ஒங்களுக்கெல்லாம் வேற எடமே கெடைக்கலியா? வழி விடுங்க! மனுசன் இருக்கற வீடு இது!”

யாரும் திரும்பவில்லை.

எல்லா முதுகும் அவள் பக்கம் இருந்தது. யாருடைய வாயிலிருந்தும் மூச்சின் புகை எழும்பவில்லை, இந்தக் குளிரில்.

அவர்கள் தலைகளுக்கு மேலாகக் கதவு தெரிந்தது. முட்டுக் கொடுத்த கல் ஓரமாகக் கிடந்தது. கதவு மூடியிருந்தது. கதவின் மேல் கட்டை. கட்டையில் ஹஸ்லினா ஒட்டிய எண்.

தட்டும் சத்தம் கேட்டது.

“யோகேசு! கதவத் தெற!”

“வந்துட்டேங்க!” என்று கத்திக்கொண்டு ஓடினாள். வரிசையைச் சுற்றிப் போக வழியில்லை, ஒருபக்கம் சுவர், மறுபக்கம் சரிவு. நடுவில் ஓர் இடைவெளி இருந்தது. ஓர் ஆள் அகலம். அதற்குள் புகுந்தாள்.

கால் நின்றுவிட்டது.

இன்னும் மூன்று எட்டு. எடுத்து வைக்க முடியவில்லை. கையைத் தூக்கப் பார்த்தாள். கை தொங்கியது. பக்கத்தில் நின்றவளின் ஈரச் சாக்கு அவள் தோளில் உரசியது. கழுத்தைத் திருப்ப முடியவில்லை. கதவை மட்டும் பார்க்க முடிந்தது.

பருப்புக் கறிப் பை விரலிலிருந்து நழுவிப் பாதத்தில் உடைந்தது. சூடு. நகர்த்த முடியவில்லை.

உள்ளே யாரோ இருமினார்கள். அது நாகப்பன் இல்லை.

இன்னொரு இருமல்.

தட்டுகிற கைகள் கூடின. மேலே. கீழே, தரைக்குப் பக்கத்தில். ஒரு குழந்தைக் கை எட்டும் உயரத்தில்.

பின்னால் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும் சத்தம். ஷர்வின்! கூப்பிட நினைத்தாள். வாய் திறக்கவில்லை. கேமரா ஒருமுறை கிளிக்கென்றது. இன்னொரு முறை. பிறகு அவன் போனில் பேசுவது கேட்டது, வழக்கமான மரியாதைக் குரலில்.

“எடுத்துட்டேன், சார். பழைய படத்துல உள்ளபடியேதான் இருக்கு.” கொஞ்சம் தயங்கினான். “ஆமா சார்... கட்டையும் எடத்துலதான் இருக்கு. இல்ல, ஆன்டி வீட்ல இல்ல போல.”

மோட்டார் கிளம்பிச் சரிவில் இறங்கி, பனிக்குள் தேய்ந்து மறைந்தது.

வரிசையில் யாரும் அசையவில்லை. கதவு அதிர்ந்துகொண்டிருந்தது. உள்ளே அத்தனை கைகளுக்கும் இருமலுக்கும் நடுவே, நாகப்பன் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.