வெளிக்குழாய்க் காற்று

கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே ஆணி அடித்த மாதிரி வலி. மூன்று ராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டு, சென்னையிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த உடம்பு. கலைவேந்தன் பாகூர் வீட்டில் பாயைப் போட்டுச் சாய்ந்தபோது பகல் இரண்டு மணி. கண் செருகுகிற நேரத்தில் அந்த நாற்றம் வந்தது. மழையில் நனைந்து ஷூவுக்குள்ளேயே கிடந்து புளித்த சாக்ஸ் நாற்றம். அதற்கடியில், மெல்லிசாக, காய்ந்த எண்ணெய்.

"இன்னா நாத்தம்டி இது?"

"மில்லுல நெல்லு ஊற வெச்சிருப்பாங்க," என்றாள் மகாலட்சுமி, மகள் சரண்யாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே. "இல்லன்னா ஒன் காலு. ஏரோப்ளேன் ரிப்பேர் பண்றவருக்கு சாக்ஸ் தொவைக்கத் தெரியல."

குழந்தை சிரித்தது. அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. நெல் மூட்டை தூக்கிப் படித்தவன் அவன். ஊறிய நெல்லின் புளிப்பு தெரியாதா? இது வேறு. விடியற்காலையில் ஒரு விமானத்தின் புகார்ப் புத்தகத்தில் பைலட் எழுதியிருந்த நாற்றம் இது.

இன்ஜினில் எண்ணெய் கசிந்தால் பயணிகள் மூச்சுவிடும் காற்றில் அது கலந்துவிடும். இன்ஜினை ஓட்டவிட்டு, உள்ளே உட்கார்ந்து மோந்து பார்க்க வேண்டும். அதற்கு அனுமதி வேண்டும், தனி இடம் வேண்டும். ஷிப்ட் முடிய இருபது நிமிஷம்தான் இருந்தது. கீழே நிற்கும் வண்டியிலிருந்து தடிக்குழாய் வழியாகக் குளிர்காற்றை உள்ளே விட்டான். இரண்டு இழுப்பு மோந்தான். 'நாற்றம் இல்லை' என்று கையெழுத்துப் போட்டான். எப்படி இருக்கும்? அந்தக் காற்று இன்ஜின் பக்கமே போகாதே.

அதே விமானம் மூன்று மணிக்குக் கிளம்புகிறது.

நாலாவது தடவைதான் ஷிப்ட் இன்சார்ஜ் அரிகரன் போனை எடுத்தார்.

"சார், காலைல அந்த ஸ்மெல் கம்ப்ளெய்ன்ட்... இன்ஜின் ஓட்டாமதான் க்ளோஸ் பண்ணேன். நிறுத்துங்க சார்."

"யோவ், நீதானே கையெழுத்துப் போட்ட? போர்டிங் ஆரம்பிச்சிட்டான். அத்தினி பேரையும் எறக்கிட்டு இன்னான்னு சொல்றது? தூங்குய்யா."

வைத்துவிட்டார். மறுபடி அடித்தால் பிஸி. கன்ட்ரோல் ரூமுக்கு அடித்தால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து, அப்புறம் ஒரு பாட்டு, பாட்டு முடிந்தால் அதே பாட்டு. போனைச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது.

பாட்டு ஓடும் போனைக் கையில் பிடித்தபடியே ஜன்னலில் தலையை நீட்டினான். வெளியே வெயிலில் காய்ந்த கரும்புத் தோகை வாசனை மட்டும், சுத்தமாக. தலையை உள்ளே இழுத்ததும் நாற்றம் முகத்தில் ஈரத்துணி போல ஒட்டியது. கரண்ட் போய் மின்விசிறி நின்றது. ஆனால் காற்று வரும் ஓசை மட்டும் நிற்காமல், சுவரும் கூரையும் சேருமிடத்தில் ஏதோ துளைகள் இருப்பது போல, ஒரே சீராக, ஸ்ஸ்ஸென்று இறங்கிக்கொண்டிருந்தது.

அங்கே வெள்ளையாக, புகை போல ஏதோ கசிந்தது.

"மகா, புள்ளையத் தூக்கினு வெளிய போ."

கூரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே கத்தினான்.

"மகா!"

திரும்பினான். பிசைந்த சோறு அவள் விரலிலேயே இருந்தது. குழந்தையின் வாய் பாதி திறந்தபடி. இரண்டு பேர் கண்ணும் விழித்திருந்தது. இரண்டு தலையும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தது.

அவர்களுக்குப் பின்னால் சுவர் இல்லை.

தலைகள். வரிசை வரிசையாக. தூரம் வரைக்கும். எல்லாம் அதே பக்கம் சாய்ந்து. இடுப்பில் பெல்ட். மடியில் கை.

கையிலிருந்த போனில் பாட்டு நின்றது.

"கன்ட்ரோல் ரூம். சொல்லுங்க."

நாக்கு புரளவில்லை. மரக்கட்டை.

"ஹலோ? சொல்லுங்க சார்."

முன்வரிசைத் தலை ஒன்று, மெல்ல, அவன் பக்கம் நிமிர்ந்தது.

'இன்ஜினை நான் ஓட்டிப் பார்க்கல.' அத்தனை பேருக்கும் அவன் தர வேண்டிய கடன் அந்த ஒரு வரிதான். அது தொண்டையிலேயே நின்றது.